தொட்டியில் இறாலைக் காணவில்லையா? கையை விடும் முன் இதைப் பாருங்கள்

"அண்ணாச்சி, தொட்டில ஒண்ணையும் காணலை. செத்துட்டா, ஒளிஞ்சிட்டா, ஒண்ணும் தெரியல."

திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, பெருமாள்புரம், மேலப்பாளையம் என்று சுற்றுவட்டாரத்தில் கண்ணாடித் தொட்டியில் அழகுக்காக இறால் வளர்ப்பவர்கள் என்னைக் கூப்பிட்டால் பெரும்பாலும் இதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். போய்ப் பார்த்தால் கல் புரண்டு கிடக்கும், பாசி பிய்ந்து மிதக்கும், தண்ணீர் கலங்கி இருக்கும். தேடுகிறேன் என்று கையை விட்டிருப்பார்கள். இறாலுக்கு ஏற்கெனவே ஒரு கஷ்டம் இருந்தது, இப்போது இரண்டு.

ஒளிவது நோய் அல்ல. கண்ணில் படுகிற மீன் எல்லாம் கடித்துப் பார்க்கிற, மூன்று சென்டிமீட்டர் தாண்டாத பிராணி அது. மறைவு தேடித்தான் பிழைக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது ஒளிவதில் வரும் மாற்றத்தை. நேற்று மாலை வரை கண்ணாடியோரம் மேய்ந்த கூட்டம் இன்று காலையில் இல்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து பகலில் தலைகாட்டாத கூட்டம் என்றால் அது வேறு கதை. அதனால்தான் அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் செர்ரி இறாலுக்கு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று கடையில் தனித்தனிப் பெயரில் விற்றாலும் அவை பெரும்பாலும் நியோகாரிடினா என்ற ஒரே இனம்தான். கிரிஸ்டல் ரெட் மாதிரியான காரிடினா வகைகளுக்கு 20 முதல் 24 டிகிரி வரைக்குமான குளிர்ந்த, மென்மையான தண்ணீர் வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் நம் ஊர் வெயிலில் அவற்றை வாங்காதீர்கள் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

## எதையும் தொடும் முன்

இரவில் எண்ணுங்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொண்டு, தொட்டி முன் பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். சிவப்பு வெளிச்சத்துக்கு அவை அவ்வளவாகக் கலைவதில்லை. வாதாம் இலையின் அடிப்பக்கம், ஸ்பான்ஜ் பில்டரின் பின்புறம், மாஸ் என்ற பாசிச் செடியின் உள்மடிப்பு, மரக்கட்டையின் நிழல் விழும் பக்கம் என்று நிதானமாகப் பாருங்கள். கண்ட எண்ணிக்கையைக் காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். முப்பது விட்ட தொட்டியில் பன்னிரண்டு கண்ணில் பட்டாலே அன்றைக்குக் கவலை இல்லை. எல்லாம் ஒரே நேரத்தில் தெரியாது.

அப்புறம் கடந்த மூன்று நாளை ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் மாற்றினீர்களா? புதுச் செடியோ மீனோ வந்ததா? வீட்டில் பெயின்ட் அடித்தார்களா, கொசு மருந்து அடித்தார்களா? கரண்ட் எவ்வளவு நேரம் போனது? வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் கேளுங்கள். பதில் பெரும்பாலும் உங்களிடம் இருக்காது, அம்மாவிடமோ பிள்ளைகளிடமோ இருக்கும்.

கடைசியாக அளவுகள். வெப்பநிலை 22 முதல் 27 டிகிரி வரை நல்லது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம்முக்குள். பிஎச் 6.5 முதல் 7.8 வரை. தண்ணீரின் கடினத்தன்மையான ஜிஎச் 6 முதல் 10 வரை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவான டிடிஎஸ் 150 முதல் 300 வரை இருந்தால் நிம்மதி. கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் தாங்கிக்கொள்ளும், திடீரென்று மாறினால்தான் தாங்காது. டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான். இறால் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

## அறிகுறி: புதிதாக விட்டேன், விட்டதிலிருந்து வெளியே வரவே இல்லை

விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். பாலிதீன் பையில் அலைந்து, வேறு தண்ணீரில் இறங்கி, நிறம் வெளுத்து, மாஸுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். விளக்கை ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் மட்டும் போடுங்கள். தீனி இரண்டு நாளைக்கு வேண்டாம்.

இரண்டு வாரம் தாண்டியும் வரவில்லை என்றால் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள்.

எத்தனை விட்டீர்கள்? நாலும் ஐந்துமாக விட்டால் அவை கடைசிவரை பயந்தே கிடக்கும். பத்துக்கு மேல் இருந்தால்தான் ஒன்று வெளியே வர, அதைப் பார்த்து இன்னொன்று வரும்.

மறைவு போதுமா? இதில் பலர் தலைகீழாக யோசிக்கிறார்கள். ஒளிய இடம் இருப்பதால்தான் ஒளிகிறது என்று செடியையும் கட்டையையும் எடுத்து விடுகிறார்கள். ஓடி ஒளிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தால்தான் இறால் தைரியமாக வெளியே மேயும். ஒரு கைப்பிடி ஜாவா மாஸ் போதும். கூடவே காய்ந்து உதிர்ந்த நாட்டு வாதாம் இலை இரண்டு. பள்ளிக்கூட வளாகங்களில் இந்த மரம் நிறைய நிற்கிறது. பழுப்பு நிறத்தில் தானாக விழுந்த இலையாகப் பார்த்து எடுத்து, கழுவி, வெந்நீரில் ஊறப்போட்டு விடுங்கள். இலை மக்க மக்க அதன் மேல் படியும் வழவழப்பை இறால் விரும்பி மேயும். தொட்டியின் பின்புறமும் பக்கவாட்டிலும் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள். அடியில் வெள்ளை மணலுக்குப் பதில் கருமணலோ கருங்கூழாங்கல்லோ இருந்தால் நிறமும் ஏறும், பயமும் குறையும்.

தொட்டி எங்கே இருக்கிறது? பிரிட்ஜ் மேல், வாஷிங் மெஷின் பக்கம், படாரென்று சாத்தும் கதவையொட்டி என்றால் அதிர்வு ஓயாது. இறால் அதிர்வை உடம்பால் உணரும். மேஜைக்கும் தொட்டிக்கும் இடையே தெர்மாகோல் அட்டை வைத்துப் பாருங்கள், ஏர் பம்பைத் துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். டவுனில் ரத வீதிப் பக்கம் வீடு என்றால் ஆனித் தேரோட்ட நாட்களில் மேளத்துக்கும் வேட்டுக்கும் ஒளியத்தான் செய்யும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

இவை எல்லாம் சரி என்றால் தொட்டியின் வயதைப் பாருங்கள். தண்ணீர் நிரப்பி நாலு வாரம்கூட ஆகாத தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியா வளர்ந்திருக்காது, அம்மோனியா ஏறும். டெஸ்ட் கிட்டில் சிறிதளவு தெரிந்தாலும் நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, தீனியைக் குறையுங்கள். பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடமிருந்து ஓடிய ஸ்பான்ஜ் ஒன்று கிடைத்தால் அதுதான் நல்ல மருந்து.

அடுத்த முறை இறால் விடும்போது ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக, ஒன்றரை மணி நேரம் தொட்டித் தண்ணீரைப் புது இறால் இருக்கும் பாத்திரத்தில் இறக்குங்கள். அந்தப் பொறுமையிலேயே பாதிப் பிரச்சினை தீரும்.

## அறிகுறி: பகலில் இல்லை, இரவில் எல்லாம் வெளியே

எண்ணிக்கை சரியாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை. விளக்கு கண்ணைக் குத்துகிறது, அல்லது பகலில் ஆள் நடமாட்டம் அதிகம். மேலே மிதக்கும் செடி கொஞ்சம் விட்டு வெளிச்சத்தை வடிகட்டுங்கள். ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைத்து, வேகவைத்த சுரைக்காய்த் துண்டு போடுங்கள். சில வாரங்களில் கிண்ணம் இறங்கும்போதே வரப் பழகிவிடும். மூன்று மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்து விடுங்கள்.

தீனிக்குக்கூட வரவில்லை என்றால் பட்டினி என்று நினைத்து மேலும் போடாதீர்கள். பாசி படிந்த தொட்டியில் அதற்கு வயிறு நிறைந்தே இருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று முறை தீனி போதும்.

அமானோ இறால் கொஞ்சம் பெரிய இனம், பகலில் ஒதுங்கி இருப்பது அதற்குச் சகஜம். விசிறி போன்ற கையை விரித்து ஓட்டத்தில் வருவதைப் பிடித்துத் தின்னும் பாம்பூ இறால் ஒளிந்து கிடந்தால், தொட்டியில் தண்ணீர் ஓட்டம் போதுமா என்று பாருங்கள்.

## அறிகுறி: நேற்று வரை இருந்தன, இன்று மொத்தமாகக் காணோம்

இதற்குத்தான் உடனே எழுந்து வேலை செய்ய வேண்டும். ஒரு கூட்டம் முழுதும் ஒரே நாளில் ஒளிந்தால் காரணம் தண்ணீரிலோ காற்றிலோ இருக்கிறது.

கொசு மருந்து. நான் முதலில் கேட்பது இதைத்தான். மேலப்பாளையத்தில் தம்பி ஒருவர் வீட்டில் மூன்று முறை இதே மாதிரி ஆகி, மூன்று முறையும் தண்ணீரைச் சோதித்து எல்லாம் சரியாகவே இருந்தது. நான் போனபோது தொட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏர் பம்ப் ஒயர் ஒரு துளையில், கொசுவுக்கான லிக்விட் மெஷின் அடுத்த துளையில். பம்ப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மெஷின் விடும் ஆவியை இழுத்து, இழுத்ததை அப்படியே குமிழியாகத் தொட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஏல, இது எப்ப மாட்டுனது?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரி ராத்திரி போடுதோம் அண்ணாச்சி. கொசு தாங்கல."

கொசு மெஷினிலும் சுருளிலும் ஸ்பிரேயிலும் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகைப் பூச்சி மருந்து. கொசுவும் இறாலும் கணுக்காலிகள். ஒன்றைக் கொல்வது மற்றதை விடாது, அதிலும் இறாலுக்கு மிகச் சிறிய அளவே போதும். மீன் நன்றாக நீந்திக்கொண்டிருக்கும், இறால் மட்டும் மூலையில் ஒடுங்கும். சில சமயம் வட்டமடித்து நீந்தும், பக்கவாட்டில் சாய்ந்து காலை உதறும். அப்படிப் பார்த்தால் விஷம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடனே செய்ய வேண்டியது: மருந்தை நிறுத்துங்கள், சன்னலைத் திறந்துவிடுங்கள். பம்பை வேறு அறைக்கு மாற்றி, டியூபை மட்டும் நீட்டிக் கொண்டுவாருங்கள். கால் பங்குத் தண்ணீரை அதே வெப்பம், அதே டிடிஎஸ் உள்ள தண்ணீரால் மெதுவாக மாற்றுங்கள். பில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். மறுநாளும் இதையே செய்யுங்கள். இனிமேல் அந்த அறையில் கொசுவலைதான்.

தெருவில் புகை அடித்துக்கொண்டு வண்டி வரும் சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்தி, தொட்டி மூடியைப் போட்டு, அரை மணி நேரம் பம்பை நிறுத்தி வையுங்கள்.

மாடித் தொட்டியில் அபேட். டெங்குக் காலத்தில் வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுவுக்கு அபேட் மருந்து விடுவார்கள். அது நம் நன்மைக்கு, வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் புழுவைக் கொல்ல விட்ட மருந்து இறாலுக்கும் ஆகாது. அந்த நாட்களில் குழாய்த் தண்ணீரை இறால் தொட்டிக்கு எடுக்க வேண்டாம். மழைக்கு முன்பே இரண்டு கேன் தண்ணீர் பிடித்து மூடி வைத்துக்கொள்வது என் வழக்கம்.

நேற்று தண்ணீர் மாற்றினீர்களா? ஆம் என்றால், தொட்டியில் ஒரு முறையும் குழாயில் ஒரு முறையும் டிடிஎஸ் பாருங்கள். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் தொட்டி 210 காட்டியது, குழாய் 940. வீட்டுக்காரர் நம்பவில்லை, "நமக்கு ஆத்துத் தண்ணிதானே வருது" என்றார். ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் மாடித் தொட்டிக்குப் போர் தண்ணீரை ஏற்றியிருக்கிறார்கள். குழாய் ஒன்றுதான், உள்ளே வருகிற தண்ணீர் வேறு. தாமிரபரணித் தண்ணீரின் மென்மைக்குப் பழகிய உடம்பு உப்பேறிய போர் தண்ணீரில் தத்தளித்துப் போகும், நேரம் வராமலே மேலோட்டுச் சட்டையை உரிக்கத் தொடங்கும்.

இப்படி ஆகிவிட்டால் பதறி மறுபடி மொத்தத் தண்ணீரையும் மாற்றக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து, பத்து சதவீதமாகப் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு எப்போதும் வாரம் பத்து முதல் பதினைந்து சதவீதம் மட்டும், அதையும் சொட்டுச் சொட்டாக.

டிடிஎஸ் சரியாக இருந்தும் ஒளிந்தால் குளோரின். ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீரானாலும், கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரினைப் போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்குச் சேர்த்துவிடுங்கள்.

செம்பு. தாமிரம் இறாலுக்கு விஷம். மீனுக்கு வெள்ளைப் புள்ளி வந்தது என்று ஊற்றும் மருந்துகள் பலவற்றில் காப்பர் சல்பேட் இருக்கும். லேபிளைப் படிக்காமல் எதையும் ஊற்றாதீர்கள். நம் வீடுகளில் இன்னொரு வழியிலும் தாமிரம் வரும். குடிக்க வைத்திருக்கும் செம்புக் குடத்திலிருந்து, நல்ல தண்ணீர்தானே என்று ஒரு சொம்பு எடுத்துத் தொட்டியில் ஊற்றுவார்கள். இரவெல்லாம் செம்பில் கிடந்த தண்ணீரில் கொஞ்சம் செம்பு இறங்கியிருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரையும் சுத்தமானது என்று நம்பி ஊற்றக் கூடாது, அது செம்புக் குழாயில் வழிந்து வருவது.

வெயில். அக்னி நட்சத்திர நாட்களில் பாளையங்கோட்டையில் 38, 39 டிகிரி சாதாரணம். மாடி வீட்டு அறையில் தொட்டித் தண்ணீர் பிற்பகலில் 31, 32 ஆகிவிடும். சூடேறிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவில் கரைவது, 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கும். இறால் தரையோரம் நிழலில் ஒண்டும், மேயாது. மூடியை எடுத்துவிட்டு, டேபிள் பேனைத் தண்ணீரின் மேற்பரப்பை நோக்கி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். காற்றில் போவது வெறும் நீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் குறைந்த அளவை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஐஸ் கட்டியை நேரே போடுவது வேண்டாம், ஒரு மணி நேரத்தில் ஐந்து டிகிரி விழுந்தால் அதுவே அடி.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் நிற்கும் தேதி முன்கூட்டியே தெரியும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தில் நம் பக்கத்தில் பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் நான் சொம்பால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தேன். அரை மணிக்கு ஒருமுறை பத்துச் சொம்பு. அதிலேயே தாக்குப்பிடித்தது என் கூட்டம். இரண்டு நாள் ஓடாமல் நின்ற பில்டரை அப்படியே போட்டுவிடாதீர்கள். ஸ்பான்ஜை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு மாட்டுங்கள். உள்ளே அழுகியது தொட்டிக்குள் வரக் கூடாது.

இங்கே ஆளைக் கூப்பிடுங்கள். தொட்டித் தண்ணீரில் விரல் வைத்ததும் சுள்ளென்று பட்டால் விரலை எடுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூழ்கி ஓடும் பம்பிலோ ஹீட்டரிலோ கசிவு இருக்கும். பம்ப் போனால் வேறு வாங்கலாம், இது உயிர் சமாச்சாரம். மேலே சொன்ன எதிலும் காரணம் சிக்காமல், மாதம் ஒருமுறை இப்படி ஆகிறது என்றால், உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு முறை முழுதாகச் சோதித்துவிடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டிச் செய்துகொள்ளலாம்.

## அறிகுறி: கூட்டம் வெளியே, ஒன்றிரண்டு மட்டும் ஒளிகின்றன

மாஸின் மேல் வெள்ளையாக, உள்ளே ஒன்றுமில்லாத இறால் கூடு கிடக்கிறதா? கண், மீசை, கால் எல்லாம் அப்படியே இருக்கும், உடம்பு மட்டும் கண்ணாடி மாதிரி. செத்துவிட்டது என்று பயப்படாதீர்கள், அது உரித்த சட்டை. உரித்தவனுக்கு மேலோடு இன்னும் இறுகவில்லை, ஒன்றிரண்டு நாள் ஒளிந்துதான் இருக்கும். பெரிய இறால் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை உரிக்கும், குஞ்சு அடிக்கடி உரிக்கும். சட்டையை எடுத்துப் போடாதீர்கள், அதைத் தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெறும்.

சட்டை இல்லை, ஆனால் ஒளிந்திருப்பது பெண் என்றால் வயிற்றின் அடியைப் பாருங்கள். சின்ன மஞ்சள் மணிகள் கொத்தாக இருக்கும், அதைக் காலால் ஓயாமல் விசிறிக்கொண்டிருக்கும். மூன்று நாலு வாரம் சுமந்தபின் குஞ்சு வரும். அதுவரை அந்த மூலையில் எந்த வேலையும் வேண்டாம். பெண் சட்டை உரித்த உடனே ஆண்கள் தொட்டி முழுக்கப் பைத்தியம் பிடித்ததுபோல் நீந்துவதும் இயல்பு.

தலை மேலோடு முடிந்து வால்பகுதி தொடங்கும் இடத்தில், உடம்பைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் அது வேறு. சட்டை நடுவில் பிளந்து, இறால் வெளியே வர முடியாமல் சிக்கிக்கொண்டது. அதைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது, அடுத்தவற்றைக் காப்பாற்றலாம். ஜிஎச் பாருங்கள். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றும் தொட்டிகளில்தான் இது அதிகம், அதில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் இல்லை. இறாலுக்கென்று விற்கும் மினரல் உப்பைக் கலந்து ஊற்றுங்கள். செலவில்லாத துணை வேண்டுமென்றால் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள். கணவாயின் ஓடு அது, முழுக்க சுண்ணாம்புச் சத்து. கட்டைவிரல் அளவுத் துண்டைப் போட்டால் மெதுவாகக் கரையும்.

மூக்கு நுனியில் வெள்ளை நூல் மாதிரி சின்னச் சின்ன முளைகள் அசைகின்றனவா? அது ஒட்டுண்ணி. ஒரு கப் தொட்டித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அயோடின் சேராத கல்லுப்பைக் கரைத்து, அந்த இறாலை மட்டும் முப்பது விநாடி முக்கி எடுத்து விடுங்கள். வயிற்றடியில் முட்டை போலப் பச்சையாக, பஞ்சு பஞ்சாக இருந்தால் அது முட்டை இல்லை. உடனே தனிப் பாத்திரத்தில் பிரித்துவிடுங்கள். பல இறால்களில் ஒரே நேரத்தில் இதைக் கண்டாலோ, உடம்பின் தசை பாலாக வெளுத்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்துங்கள். அனுபவமுள்ள வளர்ப்பாளரிடம் தெளிவான போட்டோவைக் காட்டுங்கள். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி நமக்குப் பக்கம்தான், அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

## அறிகுறி: மீன் இருக்கும் தொட்டியில் எப்போதும் ஒளிவு

மீனின் வாய்க்குள் போகிற அளவு எதுவும் தீனிதான். ஏஞ்சல், கவுராமி, பைட்டர் இருக்கும் தொட்டியில் இறால் ஒளிவது சரியான முடிவு, அதைத் திருத்த முயலாதீர்கள். கப்பி பெரிய இறாலை விட்டுவிடும், குஞ்சை விடாது. ஒரு வாரம் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிப் பாருங்கள். மூன்று நாளில் இறால் வெளியே வந்தால் விடை கிடைத்துவிட்டது. ஒன்று மீன், இல்லாவிட்டால் இறால். நான் இறாலைத் தேர்ந்தெடுத்தேன்.

## அறிகுறி: ஒளியவில்லை, எல்லாம் மேலே ஏறுகின்றன

இது ஒளிவதைவிட மோசம். பில்டர் குழாயைப் பிடித்துக்கொண்டு நீர்மட்டத்தில் கூடினால் கீழே மூச்சு விட முடியவில்லை என்று பொருள். காற்றைக் கூட்டுங்கள், அம்மோனியா பாருங்கள், மணலுக்குள் செத்த நத்தையோ அழுகிய தீனியோ இருக்கிறதா என்று மோந்து பாருங்கள். பத்து நிமிடம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

## அறிகுறி: இரவிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது

காலண்டரில் குறித்தது இங்கேதான் உதவும். 14, 11, 9 என்று வாரா வாரம் இறங்கினால் அவை ஒளியவில்லை, போய்க்கொண்டிருக்கின்றன.

முதல் சந்தேகம் தட்டான் குஞ்சு. வாய்க்காலிலிருந்தோ குளத்திலிருந்தோ எடுத்து வந்த செடியோடு முட்டையாக வந்துவிடும். பழுப்பு நிறத்தில், ஆறு காலோடு, அசையாமல் செடியில் ஒட்டியிருக்கும். இறால் பக்கத்தில் வந்ததும் தாடையை நீட்டிப் பிடிக்கும். இரவு டார்ச்சில் பார்த்து இடுக்கியால் எடுப்பது ஒன்றே வழி. செடியைத் தனி வாளியில் பத்து நாள் வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, பிறகு விட்டால் இது பெரும்பாலும் வராது. கடைச் செடியில் பூச்சி மருந்து இருந்தாலும் பெரும்பாலும் அதிலேயே கழிந்துவிடும்.

இரண்டாவது, ஆற்றில் பிடித்து வந்த "இதுவும் இறால்தானே" விருந்தாளி. முன்கை நீண்டு நுனியில் கவ்வி தெளிவாகத் தெரிந்தால் அது வேட்டையாடும் மேக்ரோபிராக்கியம் இனம். செர்ரியை உரித்த அன்று பிடித்துத் தின்றுவிடும். அதற்குத் தனித் தொட்டி கொடுங்கள், அழகான பிராணி.

மூன்றாவது, கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போகும், அம்புத் தலை கொண்ட வெள்ளைப் புழு, பிளனேரியா. தீனி மிஞ்சும் தொட்டியில் பெருகும், குஞ்சுகளைத் தின்னும். தீனியைக் குறைத்து, பொறி வைத்துப் பாருங்கள். அடங்காவிட்டால் கடைசியாக பென்பெண்டசோல் என்ற புழு மருந்து. ஆனால் அது நத்தைகளையும் கொல்லும், நத்தையை முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

எதுவும் இல்லை, பத்து நாளாக இரவிலும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. அப்போதும் தொட்டியைக் கலைக்காதீர்கள். ஒரு மாதம் பில்டர் ஓடட்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு தொட்டி முடிந்துவிட்டது என்று முடிவுகட்டி, ஸ்பான்ஜைப் பக்கெட்டில் பிழிந்து, அந்தக் கறுப்புத் தண்ணீரைத் துளசிச் செடிக்கு ஊற்றக் கொண்டுபோனேன். பாதி ஊற்றிய பிறகுதான் பக்கெட் ஓரத்தில் ஏதோ சுண்டியது தெரிந்தது. இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை, கண்ணாடித் துணுக்கு மாதிரி, ஆனால் இறாலின் அதே வளைவு. தாய்கள் போய்விட்டிருந்தன, குஞ்சுகள் ஸ்பான்ஜின் துளைகளுக்குள் மேய்ந்துகொண்டிருந்திருக்கின்றன. மீதிப் பாதியில் பதினேழு எண்ணினேன். துளசி வேருக்குப் போனவை எத்தனையோ, இன்றைக்கும் மனசு ஆறவில்லை. அதிலிருந்து ஸ்பான்ஜைப் பிழிந்த தண்ணீரை முதலில் வெள்ளைப் பேசினில் ஊற்றி, அரை மணி நேரம் தெளியவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் கீழே கொட்டுகிறேன்.